மரத்தின் பின்பக்கம்

காலை ஒன்பது மணி தாண்டிச் சில நிமிடங்கள் இருக்கும், தொலைபேசி அடித்தது. டுவேன் ஹட்டோ. வேலிக்கு அந்தப் பக்கத்து நிலக்காரர். நாங்கள் இங்கே வந்த நாளிலிருந்து ஒருமுறைகூட எங்களைத் தொலைபேசியில் அழைத்ததில்லை. சொல்ல ஏதாவது இருந்தால் வண்டியை வாசலில் நிறுத்தி ஹாரன் அடிப்பார். அவர் குரலைக் கேட்டதுமே பாதி புரிந்துவிட்டது.

"வெர்னிட்டா, லெமுவேல் பக்கத்துல இருக்காரா?"

"குளிக்கிறாரு. என்ன டுவேன்?"

"மிஸ் ஒசெல்லா... ஓடை ஓரத்து மரத்தடியில உக்காந்திருக்காங்க. நான் கன்னுக்குட்டியத் தேடிக்கிட்டு வந்தேன். கூப்பிட்டேன், திரும்பல. கிட்டப் போய்ப் பாத்தேன். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டேன். ஆனா அவங்க வேகமா வந்து ஒண்ணும் ஆகப்போறதில்ல."

ஒசெல்லா பாஸ்கின் என் கணவரின் அக்கா. நானும் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். எண்பது வயது. மறுநாள் எங்கள் காட்டுக்குத் தீ வைப்பதாக இருந்தது. அதற்கு முன்னால் பெரிய பைன் மரங்கள் மூன்றின் அடியிலும் சருகு வாரி ஒதுக்க வேண்டும். அந்த வேலையை அவள் யாரிடமும் விட்டதில்லை.

குளியலறைக் கதவைத் தட்டிச் சொன்னேன். லெமுவேல் துண்டோடு வந்து நின்றார். அவர் கேட்ட முதல் கேள்வி, "எந்த மரத்துக்கிட்ட?" என்பது.

"ஓடை ஓரத்துல."

"அப்போ கடைசி மரம்," என்றார். பிறகுதான் கட்டிலில் உட்கார்ந்தார்.

அலபாமாவின் தென்கோடியில், ரால்ஸ் ஓடை என்கிற இந்த இடத்தில் பாஸ்கின் குடும்பத்துக்கு நாற்பது ஏக்கர். என் மாமனார் ஏமஸ் பாஸ்கின் பிசின் முகாமில் வேலை பார்த்தவர். நீளிலைப் பைன் மரத்தின் அடியில் பட்டையைச் சீவி, சாய்வாகக் கோடு கோடாக வெட்டி, வடிகிற பிசினைக் கீழே மாட்டிய மண்குவளையில் பிடிக்கிற வேலை. வருடக்கணக்கில் வெட்டு வாங்கிய மரத்தில் இரண்டு பக்கமும் இறங்குகிற கோடுகள் மீசை மாதிரி நிற்கும். அதனால் அந்தத் தழும்பைப் பூனைமுகம் என்பார்கள். பிசின் வற்றியதும் மரக் கம்பெனி வந்தது. ரயில் பாதை போட்டுக் கண்ணுக்கெட்டிய தூரம் நின்றதையெல்லாம் அறுத்து ஏற்றிக்கொண்டு, கடைசியில் பாதையையும் பெயர்த்துக்கொண்டு போனது. பூனைமுகம் ஆழமாக விழுந்த கோணல் மரங்கள் சிலவற்றை மட்டும், அறுக்கிற கூலிக்குத் தேறாது என்று விட்டுவிட்டார்கள். அந்த மொட்டை நிலத்தைத்தான் மாமனார் வாங்கினார். விட்டுப்போன மரங்களுக்கு நடுவில் குடும்பத்தின் கல்லறைகள் வந்தன. கல்லுக்கு வழியில்லாத காலம். பைன் வைரக்கட்டையைச் செதுக்கித் தலைமாட்டில் நட்டார்கள். பிசின் ஊறிய வைரத்தைக் கரையான் தொடாது, மழை தொடாது. தீப்பொறி பட்டால் மட்டும் பந்தம்போல் பிடித்துக்கொள்ளும்.

மாமனார் ஒவ்வொரு பிப்ரவரியும் காட்டைக் கொளுத்தினார். அப்போது இங்கே எல்லாரும் கொளுத்தினார்கள். நீளிலைப் பைனுக்குத் தீ வேண்டும். அதன் விதை வெறும் மண்ணில் விழுந்தால்தான் முளைக்கும். முளைத்த கன்று நாலைந்து வருடம், சிலசமயம் இன்னும் அதிகமாக, ஒரு புல் கற்றை மாதிரியே தரையோடு கிடக்கும். மேலே ஒன்றும் தெரியாது, வேர் மட்டும் கீழே போய்க்கொண்டிருக்கும். தீ வந்தால் ஊசியிலைகள் கருகும், நடுவிலிருக்கிற மொட்டு பிழைக்கும். தீ வராவிட்டால் ஓக்கும் புதரும் மூடி அதைக் கொன்றுவிடும். பிறகு சர்க்கார் ஆட்கள் பள்ளிக்கூடத்தில் திரை கட்டிப் படம் காட்டினார்கள். காட்டுக்குத் தீ வைப்பவன் அறிவு கெட்டவன் என்று அந்தப் படம் சொன்னது. ஊரில் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். மாமனார் நிறுத்தவில்லை. அவர் இறந்ததும் இந்த நிலத்தில் தீயும் நின்றுவிட்டது. லெமுவேல் டெட்ராய்ட்டுக்குக் கார் செய்யப் போனார். அக்கா ஊரிலேயே சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைத்தாள்.

தொழிற்சாலை கடலுக்கு அப்பால் போனபோது அவளுக்கு ஐம்பது தாண்டியிருந்தது. கல்யாணம் ஒன்று நடந்து, நிலைக்காமல் போய், பிள்ளையும் இல்லை. வேலை போன அந்த மாதத்தில்தான் வெட்டரிவாளோடு கல்லறைப் பக்கம் போயிருக்கிறாள். புதர் இடுப்பளவு. பெரிய மரங்கள் பத்துப் பதினைந்து அதற்கு மேலே நின்றன. அன்றைக்குச் சாயங்காலம் டெட்ராய்ட்டுக்குக் கூப்பிட்டாள்.

"காய் விழுது, வெத விழுது, முளைக்க எடமில்ல வெர்னிட்டா. அப்பா போனதுக்கப்புறம் இந்த மண்ணுல ஒரு பைன்கூடப் பொறக்கல. ஒண்ணுகூட."

"அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்கக்கா?"

"கொளுத்துவேன். வேறென்ன பண்ணுவேன்? நான் கண்ண மூடுறதுக்குள்ள இங்க குட்டி மரம் எந்திரிச்சு நிக்கணும். அவ்வளவுதான் எனக்கு வேணும்."

அதற்கு மேல் அவள் எதையும் விரும்பி நான் கேட்டதில்லை. அதன் பிறகு அவள் செய்ததெல்லாம் அதற்காகத்தான். தப்பும் அதற்காகத்தான்.

மாமனார் செய்தபடியே அவள் செய்தாள். வடக்குக் காற்று சீராக வீசுகிற, காய்ந்த பிப்ரவரி நாள் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். முதலில் கல்லறைக் கட்டைகளைச் சுற்றி வாரினாள். பிறகு மரங்கள். பிசின் முகாமில் குளிர்காலம்தோறும் பூனைமுகத்துக்கு முன்னால் சருகை வாரி ஒதுக்குவார்கள். முகத்தில் பிசின் காய்ந்திருக்கும், தீ அதைத் தொட்டால் மரம் முழுவதும் போய்விடும். பின்பக்கத்தில் பட்டை முழுசாக இருப்பதால் அங்கே வார வேண்டியதில்லை. மாமனாரோடு சேர்ந்து சின்ன வயதில் அவள் வாரியது அப்படித்தான். எல்லா மரத்துக்கும் முகத்துப் பக்கம் வாரி மண்ணைக் காட்டினாள். கிழவர் செய்த மாதிரியே எரிகிற கட்டையை, சருகு வாருகிற இரும்புப் பல்வாரியில் மாட்டி இழுத்துக்கொண்டு நடந்தாள்.

தீ நன்றாக நடந்தது. முழங்கால் உயரத்துக்கு மேல் போகவில்லை. புதரைத் தின்றது, கட்டைகளைச் சுற்றிப் போனது, பூனைமுகம் ஒன்றைக்கூடத் தொடவில்லை. சர்ச்சிலிருந்து வேடிக்கை பார்க்க வந்தவர்கள் கைதட்டினார்களாம். அன்றைக்கு டுவேனின் அப்பா உயிரோடு இருந்தார்; வேலியைப் பிடித்துக்கொண்டு, "ஏமஸ் வந்து நின்ன மாதிரியே இருக்கு," என்றாராம்.

மரங்களின் பின்பக்கத்தில் மட்டும் மெல்லிய புகை நின்றது. ஒரு வாரத்துக்கும் மேலாக நின்றது. அக்கா வீட்டிலிருந்து நாற்காலி ஒன்றைக் கொண்டுபோய்ப் போட்டு, சாயங்காலங்களில் அந்தப் புகையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அது பிடித்திருந்தது.

அடுத்த கோடையில் ஊசியிலைகள் மஞ்சளாயின. கிறிஸ்துமஸுக்குள் மரங்கள் செத்துவிட்டன. ஓடைக்கு இறங்குகிற சரிவின் ஈரத்தில் நின்ற மூன்று மட்டும் மிஞ்சின. வனத்துறையிலிருந்து வந்தவர் செத்த மரத்தின் பின்னால் குச்சியால் கிளறிக் காட்டினார். பல வருடச் சருகு அங்கே மெத்தை மாதிரி கிடந்திருக்கிறது. மண்ணில் இருக்க வேண்டிய சின்ன வேர்கள் ஈரத்துக்காக அந்த மெத்தைக்குள் ஏறி வந்திருக்கின்றன. மெத்தை கங்காகக் கனன்று, வேரோடு வெந்துவிட்டது. மாமனார் காலத்தில் வருடம் தவறாமல் எரிந்ததால் மெத்தையே கிடையாது. அவருக்கு முகத்துப் பக்கம் மட்டும் போதுமாக இருந்தது.

"அப்பா செஞ்சத அப்படியே செஞ்சேன்," என்றாள் என்னிடம். "அவரு காடு வேற. என் காடு வேற. அது எனக்குத் தோணல பாரு."

செத்த மரங்களை விற்கவில்லை. நிற்கிறவரை நிற்கட்டும் என்று விட்டாள். மரங்கொத்திகள் குடிவந்தன. விழுந்தவற்றின் வைரத்தை மட்டும் கொட்டகையில் அடுக்கினாள்.

மிஞ்சிய மூன்று மரங்களின் அடியிலும் பழைய மெத்தை இருந்தது. அதை ஒரேயடியாக எடுத்தாலும் வேர் காய்ந்துவிடும். அதனால் ஒவ்வொரு தீக்கு முன்னும் மேலே கொஞ்சம் மட்டும், மரத்தை முழுவட்டமாகச் சுற்றி வாரினாள். முகத்துப் பக்கம் ஒரு பொழுது, பின்பக்கம் ஒரு பொழுது. பின்பக்கத்தில் வாரியை வைத்துவிட்டு மண்டியிட்டுக் கையால்தான் எடுப்பாள். மழை பெய்து மெத்தை நனைந்த பிறகுதான் தீ.

லெமுவேல் ஓய்வுபெற்று நாங்கள் இங்கே வீடு கட்டிக்கொண்டு வந்தபோது அவளுக்கு அறுபது கடந்திருந்தது. காட்டில் புதர் குறைந்து கம்பிப்புல் வந்திருந்தது, காடை கூப்பிட்டது, மணல் மேட்டில் ஆமை வளை தோண்டியிருந்தது. குட்டி மரம் மட்டும் இல்லை. நீளிலைப் பைன் வருடாவருடம் ஒழுங்காகக் காய்க்காது. நிறையக் காய்க்கிற வருடம் எப்போதாவதுதான் வரும். அக்கா ஒவ்வொரு வசந்தத்திலும் டுவேனின் வேட்டைப் பைனாகுலரை இரவல் வாங்கி, மூன்று மரத்தின் உச்சியையும் பார்ப்பாள்.

"எத்தன காய் மிஸ் ஒசெல்லா?" என்பார் டுவேன்.

"எண்ணி முடிச்சதும் சொல்றேன்."

"எங்க பக்கம் மாதிரி நட்டுட்டுப் போங்க. வரிசையா நட்டா இருவது வருஷத்துல காகித மில்லுக்கு ஏத்திடலாம்."

"உன் மரம் காகிதத்துக்குப் பொறந்தது டுவேன். வரிசையில நின்னு சாகும். என் மரத்துக்கு வரிசையில நிக்கத் தெரியாது."

ஒரு வருடம் காய் வந்தது. உச்சியெல்லாம் பச்சைக் காய். அன்றைக்குப் பைனாகுலரைத் திருப்பிக் கொடுக்கவே மறந்துவிட்டாள். விதை விழுவதற்குள் மண் தெரிய வேண்டும் என்று கோடையிலேயே ஒருமுறை கொளுத்தினாள். அக்டோபரில் ஒற்றைச் சிறகு வைத்த விதைகள் சுழன்று சுழன்று இறங்கின. கிறிஸ்துமஸுக்கு முன்னால் பச்சை ஊசிகள் தரையில் குத்திட்டு நின்றன.

அப்புறம் ஒன்றும் நடக்கவில்லை. வருடங்கள் போயின. கன்றுகள் புல்லாகவே கிடந்தன. கம்பிப்புல்லுக்கும் அவற்றுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க உட்கார்ந்து பார்க்க வேண்டும். டுவேன் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "உங்க புல்லு எப்படி இருக்கு மிஸ் ஒசெல்லா?" என்று கேட்டுக்கொண்டே போவார். ஈஸ்டருக்குச் சர்ச் பிள்ளைகள் அங்கே ஒளித்துவைத்த முட்டை தேட வருவதை அக்கா நிறுத்திவிட்டாள். யாராவது குறுக்கே நடந்தால் வீட்டிலிருந்தே கத்துவாள்.

ஒரு இலையுதிர்காலத்தில் சர்ச் படியில் விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டாள். அறுவை சிகிச்சை, பிறகு நகரத்தில் நடை பழக்குகிற இடத்தில் பல வாரம். அவள் திரும்பி வரும்போது கல்லறைப் பக்கம் பளிச்சென்று இருக்கட்டும் என்று லெமுவேல் நினைத்தார். புதர் மறுபடி தலைகாட்டியிருந்தது. டுவேனின் டிராக்டரையும் அதன் பின்னால் மாட்டுகிற புல்வெட்டியையும் கேட்டு வாங்கி, இரண்டு நாள் ஓட்டினார். எது புல், எது மரம் என்று தனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தார். பாதை ஓரத்துக் கன்றுகளைச் சுற்றி வளைந்து வளைந்து பத்திரமாகவே ஓட்டியிருக்கிறார். உள்ளே போகப்போக, கம்பிப்புல் என்று நினைத்தது பாதி கம்பிப்புல் இல்லை.

அவளை அழைத்துவந்த அன்று நான் வண்டியின் பின்சீட்டில் இருந்தேன். காடு மொட்டையடித்த மாதிரி சமமாக இருந்தது.

"வண்டிய நிறுத்து," என்றாள்.

லெமுவேல் நிறுத்தினார்.

"யாரு செஞ்சது?"

"நான்தான்க்கா. நீ வர்றதுக்குள்ள சுத்தமா..."

"எதச் சுத்தம் பண்ண?"

"புல்லு வளந்து கெடந்துச்சு, அதான்..." அவருக்கே அப்போதுதான் உறைத்தது.

அக்கா ஜன்னல் கண்ணாடியை ஏற்றினாள். "வீட்டுக்கு ஓட்டு. ரோட்டு மேலயே ஓட்டு."

அதற்குப் பிறகு குளிர்காலம் முழுவதும் அவள் லெமுவேலிடம் பேசவில்லை. நான் கொண்டுபோன கீரையும் சோள ரொட்டியும் வாங்கிக்கொள்வாள். "யாரு செஞ்சது?" என்று கேட்பாள். நான் என்றால் சாப்பிடுவாள். சர்ச்சில் அவள்தான் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு வாசலில் நின்று வருகிறவர்களுக்கு இடம் காட்டுவாள். கைத்தடியோடு நின்றாலும் அந்தப் பதவியை விடவில்லை. ஞாயிறுதோறும் என்னை முன்வரிசைக்கு அழைத்துப் போவாள். பிறகு வாசலுக்குத் திரும்பி வந்து, லெமுவேலைப் பார்த்துத் தலைகுனிந்து, கையுறைக் கையை மரியாதையாக நீட்டி, கழிப்பறைக் கதவுக்குப் பக்கத்தில் இருக்கிற கடைசி பெஞ்சுக்குக் கூட்டிப்போவாள். சபை முழுவதும் பார்க்கும். லெமுவேல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அவள் பின்னால் நடப்பார். ஒரு ஞாயிறுகூட அவர் சர்ச்சுக்கு மட்டம் போடவில்லை.

சனிக்கிழமைகளில் அவர் காட்டுக்குப் போனார். முழங்காலில் தவழ்ந்து, வெட்டுப்பட்ட கற்றைகளை ஒவ்வொன்றாக விலக்கிப் பார்ப்பார். பேன்ட் கிழிந்து வரும். "என்ன தெரிஞ்சுது?" என்று கேட்டால், "ஒண்ணுமில்ல," என்பார். மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை அவர் வீட்டுக்கு வரவில்லை. நேராக அக்கா வீட்டு வாசலில் போய் ஹாரன் அடித்திருக்கிறார். என்னையும் போகிற வழியில் ஏற்றிக்கொண்டார்கள்.

"எங்க கூட்டிட்டுப் போற?" என்று அக்கா கேட்டாள். மாதக்கணக்கில் அவரிடம் அவள் பேசிய முதல் பேச்சு.

"திட்டுறதுன்னா அங்க வந்து திட்டு."

இறங்கி, ஒரு கற்றையின் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு கையாலும் ஊசிகளைப் பிரித்தார். நடுவில் மொட்டு. வெள்ளையாக, பஞ்சு சுற்றின விரல்நுனி மாதிரி. அதைச் சுற்றிப் புது ஊசிகள் வந்துகொண்டிருந்தன. அடுத்த கற்றையிலும் அப்படியே. டிராக்டர் சக்கரம் ஏறின இரண்டு தடத்தில் இருந்தவை மட்டும் நசுங்கிப் போயிருந்தன. மற்றவற்றுக்கு ஊசிதான் போயிருந்தது, மொட்டு போகவில்லை. தீ வந்து போன மாதிரிதான்.

அக்கா கைத்தடியை ஊன்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"பிளேட எவ்வளவு ஒசரத்துல வச்ச?"

"நல்லா ஏத்திதான் வச்சேன். அம்மா கல்லறைக் கட்டையில பட்டுடக் கூடாதுன்னு."

"அப்போ அம்மாதான் காப்பாத்தியிருக்கா. நீ இல்ல."

"சரி."

"உன் தலையவிட நல்லா மொளச்சிருக்கு."

"அதுவும் சரிதான்," என்றார் லெமுவேல், தொப்பியை எடுத்துத் தலையைத் தடவிக்கொண்டு.

அடுத்த ஞாயிறு அவருக்குக் கடைசிக்கு முந்தின பெஞ்சு கிடைத்தது. ஈஸ்டருக்கு நடுவரிசை. என் பக்கத்தில் வந்து உட்கார ஜூன் ஆனது.

அதற்கு இரண்டு வருடம் கழித்து முதல் கன்று எழுந்தது. வசந்தத்தில் தரையிலிருந்து வெள்ளை மெழுகுவத்தி மாதிரி ஒரு தண்டு, கிளையே இல்லாமல் நேராகக் கிளம்பும். கிளம்பினால் வேகம்தான். அக்கா தினமும் கைத்தடியைப் பக்கத்தில் வைத்து அளந்தாள். கைப்பிடியைத் தாண்டியதும் டுவேனைக் கூப்பிட்டாள்.

"என் புல்லப் பாக்க வா."

டுவேன் தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் பார்த்தார். "ஒத்துக்கிறேன் மிஸ் ஒசெல்லா. வரிசையில இல்ல," என்றார்.

போன வருடத்துக்குள் இன்னும் பல எழுந்தன. சில என் இடுப்புக்கு, சில தோளுக்கு. ஆனால் முக்கால்வாசி இன்னும் புல்லாகவே இருந்தன, அவற்றின் ஊசிகளில் பழுப்புப் புள்ளி நோய் விழ ஆரம்பித்திருந்தது. அது தீயில்தான் போகும். இந்தப் பிப்ரவரி கொளுத்தியே ஆக வேண்டும் என்றாள் அக்கா. லெமுவேலுக்கு மனமில்லை. எழுந்து நிற்கிற வயதில்தான் கன்றுக்குத் தீ ஆபத்து. புல்லாக இருக்கும்போது மொட்டு ஒளிந்திருக்கும், பெரிய மரமானால் பட்டை காக்கும், நடுவில் இரண்டும் இல்லை.

அவள் இறப்பதற்கு முந்தின சாயங்காலம் எங்கள் மேசையில் இந்தப் பேச்சுதான் நடந்தது. சர்க்கரைவள்ளிக் கிழங்கு வேகவைத்திருந்தேன். அவள் அதன்மேல் கரும்புப்பாகை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"இன்னும் ஒரு வருஷம் பொறுத்தா என்னக்கா? நின்னதெல்லாம் தலைக்கு மேல போயிடும்."

"நின்னதப் பாத்துக்கிட்டு, நிக்காதத விட்டுடவா? புள்ளி ஏறுனா அதுங்க எந்திரிக்கவே எந்திரிக்காது."

"நாலு செத்துப்போச்சுன்னா?"

"நீ டிராக்டர்ல ஏத்திக் கொன்னதவிடக் கம்மியாத்தான் சாகும்."

லெமுவேல் என்னைப் பார்த்தார். "இத எத்தன வருஷத்துக்குச் சொல்லுவா?"

"நான் இருக்கிறவரைக்கும் சொல்லுவேன்," என்றாள் அக்கா. "வெர்னிட்டா, இன்னும் கொஞ்சம் பாகு இருக்கா?"

முதல் மரமும் இரண்டாவதும் வாரி முடித்திருந்தாள். மூன்றாவதைக் காலையில் முடித்துவிடுவதாகச் சொன்னாள். நானும் வருகிறேன், சேர்ந்து வாரலாம் என்றார் லெமுவேல்.

"நீ வந்தா பேசுவ. பேசினா வேல நடக்காது. தீ பர்மிட்டுக்கு வனத்துறைக்கு ஃபோன் பண்ணு, அது போதும்."

அவர் குளித்துவிட்டு அதற்குத்தான் தொலைபேசியை எடுக்க இருந்தார்.

இதயம் என்றார் டாக்டர். முகத்தில் வலி எதுவும் இல்லை. மரத்தில் சாய்ந்து கால்களை நீட்டியிருந்தாள். தோட்டக் கையுறைகளைக் கழற்றி மடியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்திருந்தாள், சர்ச்சில் ஆராதனை முடிந்ததும் வைப்பது போல.

சனிக்கிழமை அடக்கம். அவளுடைய அம்மாவுக்குப் பக்கத்தில்தான். குழி தோண்ட வந்தவர்களுக்கு முன்னால் லெமுவேல் நடந்து, கால் வைக்கிற இடத்துக்கெல்லாம் நீலத் துணி கட்டிய குச்சி நட்டு வழி காட்டினார். பெட்டியைத் தூக்கி வந்த ஆறு பேரும் அந்தக் குச்சிகளுக்கு நடுவில் ஒற்றையடியாக, பக்கவாட்டில் நடந்து வந்தார்கள். டுவேன் அவர்களில் ஒருவர். போதகர் மட்டும் தெரியாமல் ஒரு கற்றைமேல் நின்று ஜெபத்தைத் தொடங்கினார். சபையிலிருந்து யாரோ, "போதகரே, மரத்த மிதிக்கிறீங்க," என்றார்கள். அவர் கீழே பார்த்துவிட்டு நகர்ந்துகொண்டார். சிலர் சிரித்தார்கள். நானும்தான்.

தலைமாட்டுக் கட்டையை லெமுவேல் கொட்டகையில் அடுக்கியிருந்த வைரத்திலிருந்து எடுத்தார். அவளுடைய முதல் தீயில் செத்த மரம். பெயரை இன்னும் செதுக்கவில்லை. அதைச் சுற்றி ஒரு முழம் அகலத்துக்கு மண் தெரிய வாரியிருக்கிறார்.

நேற்று நல்ல மழை. மெத்தை நனைந்திருக்கிறது. காற்றும் வடக்குக் காற்றாகத் திரும்பிவிட்டது. இப்படி ஒரு நாளுக்காகத்தான் அவள் காத்திருப்பாள். இந்தப் பிப்ரவரியில் இன்னும் சில நாள்தான் இருக்கிறது. மார்ச்சில் வெள்ளைத் தண்டுகள் கிளம்பிவிட்டால் கொளுத்த முடியாது. டுவேன் காலையில் வந்து ஹாரன் அடித்தார்.

"லெமுவேல், அந்த மரத்த நான் முடிச்சுடட்டுமா? ஒரு மணி நேர வேலதான்."

"வேணாம் டுவேன்."

"அப்போ நீங்க?"

"பாக்கலாம்," என்றார் லெமுவேல். பர்மிட்டுக்கான எண்ணை எழுதிய தாள் குளிர்பெட்டிக் கதவில் அப்படியே ஒட்டியிருக்கிறது.

சாயங்காலம் நான் மட்டும் போய்ப் பார்த்தேன். பல்வாரி மரத்தில் சாத்தியபடி இருக்கிறது. ஆம்புலன்ஸ்காரர்கள் யாரோ நிமிர்த்தி வைத்திருக்க வேண்டும். மூன்றாவது மரத்தில் பூனைமுகம் இருக்கிற பக்கம் வாரியாகிவிட்டது, மண் தெரிகிறது. பின்பக்கம் இன்னும் வாரவில்லை.